மூன்றா, எட்டா? ஒரு கறுப்புத் தகடும் மாட்டிக்கொண்ட வேறொருவரும்

மாரி தொடங்கிய நாட்களில் ஒரு மாலை, மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பிரதான வீதியில், எழுவான்கரைப் பக்கம் ஓர் ஊரில், கச்சான் விற்றுவிட்டு வீட்டுக்கு நடந்துபோன ஓர் அம்மாவை மோட்டார் சைக்கிள் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போனது. கையை ஊன்றி விழுந்ததில் அவருடைய மணிக்கட்டு முறிந்தது. ரியூசன் முடிந்து வந்துகொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்த வண்டியின் இலக்கத்தைப் பார்த்து, கொப்பியின் பின்மட்டையில் எழுதிவிட்டாள். அவள் எழுதிய இலக்கம் என் மாமாவின் மோட்டார் சைக்கிளுடையது. மாமாவோ அன்று வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை.

இலக்கத் தகட்டை நமக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்வது சின்ன விசயம், அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். நட்டம் யாருக்கு வந்தது, எந்த வழியாக வந்தது, கடைசியில் எப்படித் தெளிந்தது என்பதை ஒருவர் முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று பட்டது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், ஊர், முழு இலக்கம் மூன்றையும் விட்டுவிட்டேன். நான் அச்சகத்தில் வேலை செய்பவன், எழுத்துருவும் இடைவெளியும்தான் என் தொழில், அதனால் இந்த விசயத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பேச இருக்கிறது.

இலக்கம் மாமாவின் வாசலுக்கு வந்த விதம்

முறைப்பாட்டில் இலக்கம் இருந்தது. இலக்கத்தைப் பதிவேட்டில் பார்த்தால் உரிமையாளர் பெயர் வரும். பொலிஸ் செய்ததும் அதுதான், அதில் பிழை சொல்ல முடியாது. மாமாவுக்கு அழைப்பு வந்தது. வண்டியின் பதிவுப் புத்தகம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பைல் கவரில் போட்டுக்கொண்டு அதே மோட்டார் சைக்கிளில்தான் போனார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் அப்படித்தான் போவார்.

அங்கே எல்லாமே அவருக்கு எதிராக நின்றது. பிள்ளை சொன்ன நிறம் கறுப்பு, மாமாவின் வண்டியும் கறுப்பு. பிள்ளை சொன்ன மாடலும் அதே மாடல். இடப்பக்கக் கால்மிதியில் உரசல் இருந்தது; அது ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கம் போனபோது நெரிசலில் வண்டி சரிந்து வந்த உரசல், ஆனால் உரசலைப் பார்த்தால் அது எந்த மாதம் வந்தது என்று தெரியாது. அன்று மாலை எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்கள். வீட்டில் என்றார். யார் பார்த்தார்கள் என்றார்கள். மாமி கோயிலுக்குப் போயிருந்தார், பிள்ளைகள் வெளியூரில், ஆக யாரும் பார்க்கவில்லை. வண்டியைப் பரிசோதகர் பார்க்கும்வரை நிலையத்தில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மாமா பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.

அன்று இரவு என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "என்ட நம்பர நான் ஒருத்தருக்கும் குடுக்கல்லயே மனே."

அதற்குப் பிறகுதான் ஊர்ப்பேச்சு. ஓய்வுபெற்ற அரச ஊழியர், வாழ்நாளில் ஒரு தண்டப்பணம் கட்டாத மனிதர், ஒரு ஏழை அம்மாவை அடித்துப்போட்டுவிட்டு ஓடினார் என்று தேநீர்க் கடையில் கதை போனது. கை முறிந்த அம்மாவின் வீட்டுக்காரர்கள் மாமாவைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்குச் சொல்லப்பட்டது அந்த இலக்கம்தானே.

ஏன் எல்லாமே பொருந்தியது

எனக்கு முதலில் விளங்காமல் இருந்தது இதுதான். பிள்ளை இலக்கத்தைப் பிழையாக வாசித்திருந்தால் வேறு ஏதோ ஊரில் ஏதோ ஒரு வண்டி அல்லவா வரவேண்டும்? நிறமும் மாடலும் எப்படிச் சரியாகப் பொருந்தும்?

விடை எங்கள் நாட்டு இலக்க முறையிலேயே இருக்கிறது. இப்போது ஓடும் முறையில் மூன்று ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும். முதல் எழுத்து வண்டியின் வகையைச் சொல்லும்: ஏ என்றால் ஓட்டோ, பீ என்றால் மோட்டார் சைக்கிள், சீ என்றால் கார். பிறகு இலக்கங்கள் வரிசையாகப் போகின்றன, பத்தாயிரத்துக்குக் கிட்டப் போனதும் எழுத்து மாறும். இதில் முக்கியமானது அந்த வரிசைதான். மோட்டார் சைக்கிள் விற்கும் முகவர்கள் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பதிவுக்கு அனுப்புவதில்லை, கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். ஆகவே பக்கத்துப் பக்கத்து இலக்கம் என்றால் பெரும்பாலும் ஒரே இறக்குமதி, ஒரே மாடல், சில நேரம் ஒரே நிறம், ஒரே மாவட்டம்கூட.

மாமாவின் இலக்கம் எட்டில் முடிகிறது. அந்த எட்டு உண்மையில் மூன்றாக இருந்தால்? வித்தியாசம் ஐந்து. ஒரே கிழமையில் பதிவான, ஒரே கடையில் வரிசையாக நின்ற இரண்டு வண்டிகளாக அவை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முதல் எழுத்தில் பிழை வந்திருந்தால் மோட்டார் சைக்கிளைத் தேடுகிற இடத்தில் ஓட்டோ வந்து நிற்கும், பிழை என்று உடனே பிடிபடும். கடைசி இலக்கத்தில் வரும் பிழைதான் மோசமானது, ஏனென்றால் அது உண்மை மாதிரியே இருக்கும். பதிவேடு மாமாவைக் காப்பாற்றாததற்கு அதுதான் காரணம்.

ஆனால் இது ஊகம். மூன்றை ஏன் எட்டாக வாசிக்க வேண்டும்? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கொடுக்கும் தகட்டில் மூன்று மூன்றாகத்தான் தெரியும். பின்தகடு மஞ்சள், எழுத்து கறுப்பு, ஒளி பட்டால் மின்னும் தாள். மம்மல் பொழுதிலும் ஓரளவுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குக் கண் பழுதும் இல்லை.

பின்மட்டையில் ஒரு படம்

பிள்ளையின் அம்மா என் மனைவிக்குத் தெரிந்தவர். அவர் பக்கத்தில் இருக்க, அவருடைய சம்மதத்தோடு, பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இலக்கம் என்ன என்று கேட்கவில்லை, அதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். தகடு எப்படி இருந்தது, வரைந்து காட்ட முடியுமா என்று கேட்டேன்.

அவள் பேனையால் ஒரு பெட்டி போட்டு, அதை முழுக்கக் கறுப்பாகத் தீட்டத் தொடங்கினாள். தீட்டி முடிக்கும்வரை நான் பேசாமல் இருந்தேன். எழுத்து வர வேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

"பின்னுக்குப் பாத்தனீங்களா, முன்னுக்கா?"

"பின்னுக்குத்தான் அண்ணா. அவர் போன பிறகுதானே பாத்தன்."

"இடது பக்கத்தில சின்னதா ஈ, பீ எண்டு ரெண்டு எழுத்து ஒண்டுக்குக் கீழ ஒண்டு இருந்ததா?"

யோசித்தாள். "இல்ல. மேல மூண்டு எழுத்து, கீழ நாலு நம்பர். வேற ஒண்டும் இல்ல."

மாமாவின் வண்டியில் திணைக்களத் தகடுதான். பின்பக்கம் மஞ்சள். இடப்பக்கத்தில் ஈ.பீ., அதாவது கிழக்கு மாகாணம், தெளிவாக இருக்கிறது. மாகாண எழுத்து 2023 ஜனவரியிலிருந்து தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள், வண்டி மாகாணம் மாறும்போது தகடு மாற்றும் செலவும் அலைச்சலும் போய்விட்டது, நல்ல விசயம்தான். ஆனால் அதற்கு முன் பதிவான வண்டிகளின் பழைய தகட்டில் அது அப்படியேதான் இருக்கும். மாமாவுடையதும் அப்படியான வண்டி.

இவ்வளவையும் அந்தப் பிள்ளை முதல் நாளே சொல்லியிருப்பாள், ஒருவரும் கேட்கவில்லை. இலக்கம் கிடைத்தவுடன் மற்ற எல்லாக் கேள்வியும் தேவையற்றதாகிவிடுகிறது. இந்த வழக்கில் என்னை அதிகம் வருத்தியது அதுதான்.

வீட்டுக்கு வந்து, எங்கள் பக்கத்து ஸ்டிக்கர் கடைகளில் வழக்கமாக வெட்டும் சாய்வு எழுத்துருக்கள் சிலவற்றில் மாமாவின் இலக்கத்தையும், கடைசியில் எட்டுக்குப் பதில் மூன்று போட்ட இலக்கத்தையும், கறுப்பில் வெள்ளையாக அச்சடித்தேன். மோட்டார் சைக்கிள் தகட்டின் அளவுக்கு வெட்டி மட்டையில் ஒட்டி, ஒழுங்கையின் அந்தத் தலைப்பில் மாமியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, இருட்டுப்படும் நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னேன். சாதாரண எழுத்துருவில் மூன்றை மூன்று என்றே எல்லோரும் வாசித்தார்கள். ஆனால் ஒரு எழுத்துரு இருக்கிறது, பந்தய வண்டிகளில் பார்க்கிற மாதிரி, மூன்றின் இரண்டு நுனியும் உள்ளுக்கு வளைந்து நடுக்காலைத் தொடப் போகும். அதில் திறந்திருக்க வேண்டிய இடப்பக்கம் நூலளவுதான் திறந்திருக்கிறது. அதைப் பிடித்தபோது ஒரு பிள்ளைகூட மூன்று என்று சொல்லவில்லை. எட்டு, எட்டு, எட்டு.

அந்த மட்டைகளையும் பிள்ளையின் படத்தின் பிரதியையும் கொண்டு மாமாவோடு நானும் நிலையத்துக்குப் போனேன். பொறுப்பதிகாரி இரண்டு மட்டையையும் மேசையின் அந்தப் பக்கம் சுவரில் சாத்தி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். சார்ஜன்டைக் கூப்பிட்டு மூன்றில் முடியும் இலக்கத்தைப் பார்க்கச் சொன்னார். சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டதற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஓப்பன் பேப்பரில் போன வண்டி

மூன்றில் முடியும் வண்டி இருந்தது. அதே மாடல், அதே கறுப்பு. பதிவேட்டில் உள்ள உரிமையாளர் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஒரு ஊர்க்காரர். அவரைப் பிடித்தால், நான் அதை எப்போதோ விற்றுவிட்டேன் என்றார். புத்தகம் மாற்றாமல், கையெழுத்து வைத்த வெறும் படிவத்தோடு, நாங்கள் ஓப்பன் பேப்பர் என்கிற முறையில். வாங்கியவர் அப்படியே இன்னொருவருக்குக் கைமாற்றியிருக்கிறார். மூன்றாவது ஆளிடம்தான் வண்டி இருந்தது. புத்தகத்தைத் தன் பெயருக்கு மாற்றாமல் வண்டி வாங்குவதும் விற்பதும் எங்கள் மாவட்டங்களில் எவ்வளவு சாதாரணம் என்று எல்லோருக்கும் தெரியும். மாற்றுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைக்கிறார்கள். அந்த வண்டி நாளைக்கு என்ன செய்தாலும் முதலில் தேடி வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரைத்தான் என்பதை விற்றவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தகட்டைக் கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். கறுப்பு அக்ரிலிக் பலகை, அதில் வெள்ளி நிற வினைல் எழுத்து, அதன் மேல் புகை நிறத்தில் ஒரு ஒளிபுகும் தகடு. விரலால் தடவினால் ஓரம் மழுமழுவென்று இருந்தது, வெட்டிய கை நல்ல தொழில்காரன் கை. அளவு திணைக்களத் தகட்டை விடச் சின்னது. அதைச் சேற்றுத்தடுப்பின் அடியில், மேல்நோக்கிச் சாய்த்துப் பூட்டியிருந்தார்கள். மழைச்சேறு தெறித்துக் கீழ்வரிசை பாதி மங்கியிருந்தது. கடைசி எழுத்து நான் அச்சடித்த அதே உருவில் மூன்று. உண்மைத் தகடு, முத்திரையோடு, கீறல்கூட இல்லாமல் வீட்டு அலுமாரிக்கு மேல் பத்திரமாக இருந்தது.

அந்தத் தம்பிக்கு இருபது சொச்சம் வயது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பொலிஸுக்கு ஒளிக்கத்தான் தகட்டை மாற்றினாயா என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல சேர், வடிவா இருக்கும் எண்டுதான்" என்றார். நான் அதை நம்புகிறேன். ஒளிக்க நினைக்கிறவன் இலக்கத்தையே மாற்றியிருப்பான்; இவர் தன் சரியான இலக்கத்தைத்தான் போட்டிருந்தார், வடிவாக. அம்மா விழுந்தது தெரிந்தும் பயத்தில் நிற்காமல் போனதுதான் பெரிய குற்றம், அதற்கு அவர் நீதிமன்றத்தில் பதில் சொன்னார். தகப்பன் அந்த அம்மாவின் வீட்டுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போய், வைத்தியச் செலவையும் கை சுகமாகும்வரை வியாபாரம் நின்ற நட்டத்தையும் கொடுத்தார். இலங்கையின் மோட்டார் வாகனச் சட்டம், 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம், பதிவு இலக்கத்தை விதித்த முறையில் காட்ட வேண்டும் என்று கேட்கிறது. விபத்து நடந்தால் நிற்க வேண்டும் என்றும் கேட்கிறது. இரண்டையும் மீறியதற்குத் தனித்தனியாகவே குற்றச்சாட்டு.

மற்ற நாடுகள் இதை எப்படிப் பார்க்கின்றன

மூன்றும் எட்டும் குழம்பும் பிரச்சினை புதியதே அல்ல. ஜேர்மனியில் 1970களின் கடைசியில், தீவிரவாதக் குழுக்கள் கார் இலக்கங்களை மையால் திருத்தித் தப்புகின்றன என்ற கவலையில், கார்ல்கியோர்க் ஹோஃபர் என்ற எழுத்துரு வடிவமைப்பாளரிடம் புதிய எழுத்து கேட்டார்கள். அவர் எழுத்துகளின் ஒழுங்கை வேண்டுமென்றே கலைத்தார். மூன்றை வளைத்து எட்டாக்க முடியாது, எஃப்பில் ஒரு கோடு சேர்த்து ஈ ஆக்க முடியாது, சுழியமும் ஓவும் வேறுவேறு உருவம். பார்ப்பதற்கு அழகில்லாத எழுத்து என்று சொல்பவர்கள் உண்டு. 2000 நவம்பரிலிருந்து புதிய தகடுகளுக்கு அது கட்டாயம். தொழில்காரனாகச் சொல்கிறேன், அழகை விட்டுக்கொடுத்து வாசிப்பைக் காப்பாற்றிய எழுத்துருக்களில் அதைப்போல் நேர்மையானது வேறு நான் பார்க்கவில்லை.

இங்கிலாந்தில் இன்னொரு வழி. அங்கே சாரதி வாகன அனுமதி நிறுவனம் 1989 முதல் விரும்பிய இலக்கங்களை விற்கிறது. பெயர் போலத் தெரியும் எழுத்து இலக்கச் சேர்க்கைகளுக்குப் பெருங்காசு கொடுக்கிறார்கள். 2014 இல் ஒரு சேர்க்கை கட்டணங்கள் எல்லாம் சேர்த்து ஐந்து இலட்சம் பவுணுக்கு மேல் போனது. ஆனால் எவ்வளவு காசு கொடுத்தாலும் எழுத்தின் உருவம், அளவு, இடைவெளி மூன்றும் சட்டத்தில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். இடைவெளியை நகர்த்திப் பெயர் மாதிரி வாசிக்க வைத்தால் 1,000 பவுண் வரை தண்டம், இலக்கத்தைப் பறிக்கவும் செய்யலாம். துபாயில் 2023 ஏப்ரலில் நடந்த அறக்கொடை ஏலத்தில் பீ (P) 7 என்ற தகடு ஐந்தரைக் கோடி திர்ஹாமுக்குப் போனது, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கே வேலை செய்வதால் அந்தச் செய்தி இங்கே எல்லாருடைய போனிலும் சுற்றியது. அவ்வளவு விலை கொடுத்தவருக்கும் அந்த ஏழு அரசு அச்சடிக்கிற ஏழுதான்.

விரும்பியதைச் சட்டப்படி வாங்கினாலும் சிக்கல் வரலாம் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு சம்பவம் உண்டு. 1979 இல் லொஸ் ஏஞ்சலஸில் ஒருவர் விருப்பத் தகட்டுக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் மூன்று தெரிவு எழுத வேண்டும். படகு ஓட்டம் சம்பந்தமாக இரண்டு சொல் எழுதிவிட்டு, அவை இரண்டும் கிடைக்காவிட்டால் விருப்பத் தகடே வேண்டாம் என்ற கருத்தில் மூன்றாவது இடத்தில் 'நோ பிளேட்' என்று எழுதினார். அலுவலகம் அதையே தகடாக அனுப்பிவிட்டது. தகடு இல்லாமல் பிழையாக நிறுத்தியிருந்த கார்களுக்குப் பொலிஸார் துண்டில் எழுதுவதும் அதே சொல்தான். மாநிலம் முழுவதிலும் இருந்து ஏறக்குறைய 2,500 தண்ட அறிவித்தல்கள் அவர் வீட்டுக்கு வந்தன. பிற்காலத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர், தரவுத்தளங்களில் வெற்றிடத்தைக் குறிக்கும் 'நல்' என்ற சொல்லைத் தகடாக எடுத்தார். இலக்கம் பதியாமல் விடுபட்ட தண்டங்கள் எல்லாம் அவர் பெயரில் சேர்ந்து 12,000 டொலரைத் தாண்டின. 2019 இல் ஒரு மாநாட்டில் அவரே இதைச் சொன்னார்.

மாமாவுக்கு நடந்ததும் இதே வகைதான். யாரோ ஒருவர் செய்தது, எழுதிய ஒருவரின் கையிலும் வாசித்த ஒருவரின் கண்ணிலும் மாறி, இன்னொருவரின் வாசலில் போய் நின்றது. கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து வீதிக் கமெராவில் பிடிபட்ட வண்டிகளின் உரிமையாளருக்கு அவருடைய பகுதிப் பொலிஸ் மூலம் அறிவித்தல் வருகிறது. அந்த முறை எங்கள் பக்கமும் வரத்தான் போகிறது, வந்தால் ரியூசன் பிள்ளைக்குப் பதிலாகக் கமெரா எட்டு என்று வாசிக்கும், அதனிடம் படம் வரைந்து காட்டச் சொல்லிக் கேட்கவும் முடியாது.

எங்கள் மண்ணில் தகட்டுக்கு ஒரு பழைய கணக்கு

இதைச் சொல்லாமல் இந்த ஆய்வு முடியாது. வெள்ளையர் காலத்தில் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து எடுத்த சீ.எல்., ஈ.எல்., ஈ.வை. மாதிரியான இரட்டை எழுத்துகள் இருந்தன. பழைய மொரிஸ் மைனர் வைத்திருக்கும் வீடுகளில் அந்தத் தகட்டை இன்றும் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார்கள். 1957 ஜனவரியில் அதை மாற்றிச் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கட்டாயமாக்கினார்கள். தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து, தமிழில் ஸ்ரீ எழுதிய தகட்டோடு கார் ஓட்டும் போராட்டம் நடத்தியது. 1958 இல் சிங்கள ஸ்ரீ போட்ட பஸ்கள் வடக்குக்கு வந்ததும் அது மீண்டும் மூண்டது. தெற்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில், பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா செல்வா ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் கலவரம். ஸ்ரீ எதிர்ப்பில் பங்கெடுத்ததற்காகத் தந்தை செல்வா இருந்தது மட்டக்களப்புச் சிறையில்தான்.

சில தம்பிமார் இந்தக் கதையைச் சொல்லி, நாங்களும் அரசாங்கத் தகட்டை மாற்றுகிறோம், இது எங்கள் உரிமை என்று என்னோடு வாதாடினார்கள். நான் உடன்படவில்லை. அன்றைக்குத் தமிழில் ஸ்ரீ எழுதியவர்கள் தங்கள் எழுத்தை நாடு முழுக்க வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். தண்டனை வரும் என்று தெரிந்தும் பெரிதாக, தெளிவாக எழுதினார்கள், பிடித்தால் சிறைக்குப் போகத் தயாராகத்தான் எழுதினார்கள். புகைத்தகட்டுக்குள் சாய்த்து எழுதுகிற இலக்கத்தை அதோடு ஒப்பிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

வண்டியைத் தன்னுடையதாக்கும் ஆசையில் ஒரு பிழையும் இல்லை, எனக்கே அது பிடிக்கும். எங்கள் ஓட்டோக்களின் பின்கண்ணாடியைப் பாருங்கள், மாமாங்கேஸ்வரர் துணை, அம்மாவின் ஆசி, மாஷா அல்லாஹ், பிள்ளைகளின் பெயர்கள், ஊரின் பெயர். அவற்றில் பல எங்கள் அச்சகத்தில் நானே வடிவமைத்தவை. இலக்கத்தில் ஆசை இருந்தாலும் வழி உண்டு. காத்தான்குடியில் 786 தேடுபவர்கள் இருக்கிறார்கள், எட்டில் முடிந்தால் சனி என்று கூட்டெண் பார்த்து ஒதுங்குபவர்கள் இருக்கிறார்கள். விரும்பிய இலக்கத்துக்குக் கட்டணம் கட்டி முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளத் திணைக்களத்தில் வசதி இருக்கிறது. காசு கூடத்தான், ஆனால் அந்த இலக்கம் வேறு ஒருவரின் தலையில் விழாது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தபின் புது வண்டிகள் வந்து குவிய, தகடு அச்சிட்டுக் கொடுப்பது பிந்தியது. இலக்கம் கிடைத்தும் தகடு கிடைக்காமல் எத்தனையோ பேர் தாங்களாகவே தற்காலிகத் தகடு செய்து பூட்டி ஓடினார்கள். ஸ்டிக்கர் கடைக்குப் போய் இலக்கம் வெட்டுவது அப்போது தேவை. தகடு கைக்குக் கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை; கடைக்காரருக்கும் அது வருமானம், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அலுவலகம் நேரத்துக்குத் தகட்டைக் கொடுத்திருந்தால் இவ்வளவு கடைகளில் இவ்வளவு எழுத்துரு வந்திருக்காது என்பது என் கருத்து.

சரி, செய்யக்கூடியது என்ன? தகடு உடைந்தாலோ தொலைந்தாலோ பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு திணைக்களத்தில் புதுத்தகட்டுக்கு விண்ணப்பியுங்கள். அது வரும்வரை தற்காலிகமாக வெட்டுவதென்றால் முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள், நேரான கறுப்பு எழுத்து, மேலே ஒன்றும் மூடாமல். கடைக்காரர்கள் புத்தகத்தைப் பார்க்காமல் வெட்ட வேண்டாம். எங்கள் அச்சகத்தில் இப்போது அப்படித்தான், இரண்டு நுனியும் உள்வளைந்த அந்த எழுத்துருவைக் கணினியிலிருந்தே எடுத்துவிட்டோம். வண்டி விற்பவர்கள் புத்தகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்குங்கள். விபத்தைக் கண்ணால் காண்பவர்கள் இலக்கத்தோடு நிறுத்தாமல் தகட்டின் நிறம், பக்கத்தில் மாகாண எழுத்து இருந்ததா, எழுத்து நேரா சாய்வா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முறைப்பாடு எடுப்பவர்களும் அதைக் கேட்க வேண்டும், கேட்க ஒரு நிமிடம் போகாது.

மாமாவுக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தில் தன் இலக்கம் இன்னும் இருக்கிறது, நாளைக்குக் காப்புறுதி புதுப்பிக்கும்போது யாராவது அதைத் தோண்டினால் என்ன செய்வது என்று கேட்டு, அந்த விபத்தில் இந்த இலக்க வண்டிக்குச் சம்பந்தம் இல்லை என்று எழுத்தில் தரச்சொல்லி விண்ணப்பித்தார். பலமுறை நடந்த பிறகு கடிதம் வந்தது. அதில் ஒரு பிரதியைக் காப்புறுதி முகவருக்குக் கொடுத்தார், இன்னொரு பிரதியை அந்தக் கச்சான் விற்கும் அம்மாவின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார், அவர்கள் கேட்காமலே.